கறிக்கோழிக்கு வைட்டமின் குறைந்திருக்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

குஞ்சு தள்ளாடினாலும் வைட்டமின், தும்மினாலும் வைட்டமின், எடை ஏறாவிட்டாலும் வைட்டமின். கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் நான் போய்ப் பார்க்கும் கறிக்கோழிக் கொட்டகைகளில் மருந்து அலமாரியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பாதி காலியான வைட்டமின் பாட்டில்கள்தாம். கொடுப்பதில் தவறில்லை. எது குறைந்தது, எங்கே தொலைந்தது என்று பார்க்காமல் ஊற்றுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பணம் வீணாவது ஒரு பக்கம் இருக்கட்டும். வெள்ளைக் கழிச்சல் என்ற வைரஸ் தொற்றை வைட்டமின் குறைபாடு என்று எண்ணி இரண்டு நாள் காத்திருந்தால் கொட்டகையே காலியாகிவிடும்.

ஒரு கணக்கை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994இல் வெளியிட்ட பட்டியல்படி, கறிக்கோழித் தீவனம் ஒரு கிலோவில் வைட்டமின் ஏ 1,500 யூனிட், டி3 200 யூனிட், ஈ 10 யூனிட், பி2 3.6 மில்லிகிராம் இருந்தால் குறைபாடு வராது. தீவன ஆலைகள் சேர்ப்பது இதைப் போல் பல மடங்கு. ஆகவே ஆலைத் தீவனத்தை மட்டும் போடும் பண்ணையில் உண்மையான குறைபாடு தெரிந்தால், அந்த வைட்டமின் ஆலைக்கும் கோழியின் குடலுக்கும் நடுவில் எங்கோ அழிந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பாட்டிலை மாற்றிப் பயனில்லை.

அறிகுறிக்குப் போகும் முன்

நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். குஞ்சுகளின் வயது எத்தனை நாள்? எத்தனை கோழிகளுக்கு இப்படி இருக்கிறது, நேற்று எத்தனை? கடைசியாகத் தீவன மூட்டை மாறியது என்று? தீவனத்தோடு வேறு எதையாவது கலக்கிறீர்களா?

நான்காவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் கிடைப்பதில்லை. நூறு, இருநூறு கோழி வளர்க்கும் வீடுகளில் ஆலைத் தீவனத்தோடு மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, மீன் கழிவு என்று கைக்குக் கிடைத்ததைச் சேர்ப்பது வழக்கம். தீவன விலையைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் பாதிக்குப் பாதி மரச்சீனியைக் கலந்தால் புரதம் சரிவது போலவே வைட்டமினும் பாதியாகிவிடும். மரச்சீனி வெறும் மாவுச்சத்து. இதை மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

கால் விரல்கள் உட்புறம் சுருண்டு, கணுக்காலில் உட்கார்ந்து நகர்கிறது

வயது பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் என்றால் பி2, அதாவது ரைபோஃபிளேவின் குறைவை முதலில் சந்தேகியுங்கள். குஞ்சைக் கையில் எடுத்து மல்லாக்கப் பிடித்து இரண்டு பாதங்களையும் பாருங்கள். விரல்கள் உள்ளங்காலை நோக்கி மடங்கியிருக்கும். நீங்கள் விரித்துவிட்டாலும் மறுபடி மடங்கிக்கொள்ளும். இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். குஞ்சு கண் தெளிவாக, பசியோடு, தீவனத் தட்டை எட்டப் பார்த்துக்கொண்டிருக்கும். எட்ட முடியாததால்தான் பிறகு மெலிகிறது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீண்டு கிடந்து, வயதும் ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தால் அது மேரக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு வைட்டமினால் ஒன்றும் ஆகாது.

பி2 வெளிச்சத்தில் அழியும். கூரைமேல் வெயிலில் நிற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியில் பி காம்ப்ளெக்ஸைக் காலையில் கலந்துவிட்டு மாலைவரை அதையே விடுகிறார்கள். கலந்தபோது தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். அந்த நிறம் பி2 தருவது. மதியத்துக்கு மேல் தொட்டியை எட்டிப் பாருங்கள். மஞ்சள் வெளிறியிருந்தால் நீங்கள் கொடுப்பது வெறும் தண்ணீர். தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள், அல்லது கறுப்புத் தொட்டி வையுங்கள்.

சீக்கிரம் கண்டால் தண்ணீரில் கொடுத்தே தேறிவிடும். ஆனால் எழ முடியாத குஞ்சு, உயரத்தில் தொங்கும் தண்ணீர்க் குழாயின் நிப்பிளை எட்டாது. அதைத் தனியே பிரித்து, தாழ்வான தட்டில் தண்ணீரும் தீவனமும் வைத்து, வாயிலும் சொட்டு விடுங்கள். விரல் மடங்கி நாள்பட்டுப் போனால் நரம்பு கெட்டுவிட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு கொடுத்தாலும் நிமிராது.

தலை முதுகைத் தொடும்படி பின்னால் வளைந்து, மேலே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது

கருங்கல் ஊர்ப் பக்கத்தில் வீட்டோடு கோழி வளர்க்கும் ஒரு பெண்மணி கேட்டார்: “என்ன அண்ணா, வானத்தில் பருந்தைப் பார்க்கிற மாதிரியே உட்கார்ந்திருக்கிறது?” அவர் சொன்னதைவிடத் துல்லியமாக இந்த அறிகுறியை விவரிக்க முடியாது. இது பி1, தயாமின் குறைவு. முதலில் பசி போகும், பிறகு கால் தளரும், கடைசியில் கழுத்து இப்படி இழுத்துக்கொள்ளும்.

நம் மாவட்டத்தில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கரை நெடுகிலும் மீன் கழிவு மலிவாகக் கிடைக்கிறது. சாளை, நெத்திலி போன்ற மீன்களில் தயாமினை உடைத்துப்போடும் நொதி இருக்கிறது. தயாமினேஸ் என்று பெயர். பச்சையாக அரைத்துத் தீவனத்தில் கலந்தால், மீன் தன் பங்குக்குப் புரதத்தைக் கொடுத்துவிட்டு, தீவனத்தில் இருந்த பி1ஐ அழித்துவிடும். நன்றாக வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே மீன் கழிவு போடுவதாக இருந்தால் வேகவைத்து மட்டும் போடுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை. பச்சை மீனில் வேறு கிருமிகளும் வரும்.

இரண்டாவது காரணம் மருந்து. இரத்தக் கழிச்சலுக்குக் கொடுக்கும் ஆம்ப்ரோலியம், தயாமினைப் போல் நடித்துத்தான் குடல் ஒட்டுண்ணியைக் கொல்கிறது. அளவு மிஞ்சினாலோ, குறித்த நாட்களுக்கு மேல் நீட்டினாலோ கோழிக்கும் பி1 கிடைக்காமல் போகும். மருந்து ஓடும் நாட்களில் இந்த அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபாருங்கள். நீங்களாக இடையில் நிறுத்திவிட்டால் இரத்தக் கழிச்சல் திரும்பும்.

மூன்றாவது, வீட்டுச் சோற்றையும் தீட்டிய அரிசி நொய்யையும் மட்டும் நம்பி வளர்ப்பது. ஜாவாவில் 1890களில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் கண்டது இதைத்தான். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விழுந்தன, தவிட்டோடு கூடிய அரிசியைத் தின்றதும் எழுந்தன. வைட்டமின் என்ற கருத்துக்கே வழி திறந்த அந்த வேலைக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. கோழிதான் முதலில் சொல்லிக் கொடுத்தது.

பி1 குறைவில் ஒரு நல்ல செய்தி, அந்த வைட்டமின் உள்ளே போனதும் சில மணி நேரத்திலேயே தேற்றம் தெரியும். மருத்துவர் ஊசி போட்டோ, வாயில் சொட்டு விட்டோ மறுநாளும் கழுத்து அப்படியே இருந்தால் நோயறிதலை மாற்ற வேண்டும். கழுத்துத் திருகலோடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சிரைப்பு, நாளுக்கு நாள் ஏறும் சாவு என்றிருந்தால் அது வெள்ளைக் கழிச்சல். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

தள்ளாடி விழுகிறது, பக்கவாட்டில் சாய்ந்து காலை உதைக்கிறது

இரண்டிலிருந்து நான்கு வார வயதுக்குள் என்றால் வைட்டமின் ஈ குறைவு. சிறுமூளை வீங்கி இரத்தம் கசிவதால் குஞ்சுக்கு உடல் சமநிலை போய்விடுகிறது. இதோடு சேர்த்து மார்புக்கடியில் தோல் நீலப் பச்சையாக ஊதித் தெரிந்தால் செலினியமும் போதவில்லை.

இங்கே தேட வேண்டியது சிக்கு வாடை, அதாவது கெட்டுப்போன எண்ணெயின் வாடை. கொழுப்பு கெடும்போது வைட்டமின் ஈயை முதலில் தின்றுவிடுகிறது. மூட்டையின் வாயைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். தவிடு சில வாரங்களிலேயே சிக்குப் பிடிக்கும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் விரைவாக. நாள்பட்ட கருவாட்டுத் தூளும் அப்படியே. எடை ஏறட்டும் என்று ஏத்தங்காய் சிப்ஸ் போட்டுக் கறுத்த எண்ணெயை வாங்கி வந்து தீவனத்தில் பிசைவது சில இடங்களில் நடக்கிறது. பல முறை காய்ந்த எண்ணெய் கோழியின் வைட்டமின் ஈயை அழிக்கும் பொருள். தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள்.

இதையும் ஏவியன் என்செஃபலோமைலிடிஸ் என்ற வைரஸ் நோயையும் பிரித்தறிய, குஞ்சை உள்ளங்கையில் அமர்த்தி மெதுவாக மூடிப் பிடியுங்கள். தலையிலும் கழுத்திலும் நுண்ணிய, விடாத நடுக்கம் கையில் உணரப்பட்டு, வயதும் மூன்று வாரத்துக்குள் என்றால் வைரஸின் பக்கம் சந்தேகம் கூடும். உறுதி செய்ய ஆய்வகம்தான் வேண்டும்.

மூளை பாதித்த குஞ்சு எழுவது அரிது. வைட்டமின் ஈயும் செலினியமும் கொடுப்பது மீதிக் கோழிகளைக் காக்க. கெட்ட மூட்டையை அன்றே கொட்டகையிலிருந்து வெளியேற்றுங்கள்.

அலகு விரலுக்கு வளைகிறது, நடக்கத் தயங்குகிறது

மூன்று வாரக் குஞ்சின் அலகு கெட்டியாக இருக்க வேண்டும். அழுத்தினால் வளைகிறது, கணுக்கால் தடித்திருக்கிறது என்றால் ரிக்கெட்ஸ், எலும்பு மென்மையாகிப் போகும் நோய். இறந்த குஞ்சு ஒன்றின் கால் எலும்பை ஒடித்துப் பாருங்கள். நல்ல எலும்பு சட்டென்று ஒடியும். இது ஓசையில்லாமல் மடியும். விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் இடத்தில் வரிசையாக மணிமணியாகப் புடைப்பு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் இது டி3 குறைவாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கால்சியம், பாஸ்பரஸ், டி3 மூன்றில் எது தவறினாலும் இதே எலும்புதான் வரும். ஆரம்பத் தீவனத்தில் கால்சியம் சுமார் 1 சதவீதமும், கோழிக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் சுமார் 0.45 சதவீதமும் இருக்கும், ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. கால் வலுவில்லை என்று பார்த்ததும் கடற்கரையில் எளிதாகக் கிடைக்கும் சிப்பித் தூளை அள்ளிப் போடுகிறோம். மிஞ்சிய கால்சியம் பாஸ்பரஸைக் கட்டிப்போட்டுவிடும், எலும்பு மேலும் மெலியும். சிப்பித் தூள் போடத் தொடங்கிய பிறகு நிலைமை மோசமானதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் விற்பனைக்கான குஞ்சுகள் இறங்குவது நவம்பரில், வடகிழக்குப் பருவமழையின் நடுவில். சாரல் அடிக்காமலிருக்கத் தார்ப்பாய்த் திரை நாள்முழுதும் இறங்கியே இருக்கும். வெயில் படாத கோழி தன் தோலில் டி3 செய்துகொள்ள முடியாது, தீவனத்தில் உள்ளது மட்டுமே துணை. அந்தத் தீவனமும் ஈரத் தரையில் சாய்த்து வைத்த மூட்டையில் இருந்தால் என்ன மிஞ்சும்? பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள்.

மருந்து வாங்கும்போது உறையில் டி3 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தாவர மூலத்து டி2 கோழிக்கு மிகக் குறைவாகவே பயன்படும். மருத்துவர் வழக்கமான அளவைப் போல் மூன்று மடங்கு டி3யை இரண்டு, மூன்று வாரத்துக்குச் சொல்லலாம், அதன்பின் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அளவின்றித் தொடர்ந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். வைட்டமின் ஏயை மிகையாகக் கொடுத்தால் டியும் ஈயும் உடலில் சேர்வதைக்கூட அது தடுக்கும்.

கண் நீர் வடிகிறது, இமை ஒட்டுகிறது

முதலில் கோழியின் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். நின்றால் தெரியாத அமோனியா அங்கே உங்கள் கண்ணை எரிக்கும். எரிந்தால் திரையை உயர்த்துங்கள், தரையில் பரப்பிய கூளத்தைக் கிளறுங்கள், ஈரமான பகுதியை அள்ளி மாற்றுங்கள். வைட்டமினுக்கு அங்கே வேலையில்லை. முகம் வீங்கி மூக்கில் நாற்றமுள்ள சளி என்றால் தொற்று நோய்.

அமோனியா இல்லை, முகவீக்கமும் இல்லை, இமைக்குள் வெள்ளைக் கட்டி சேர்கிறது என்றால் வைட்டமின் ஏ. இறந்த கோழியின் உணவுக்குழாயைக் கீறிப் பார்த்தால் உட்புறம் சிறு வெள்ளைக் கொப்புளங்கள் இருக்கும். மஞ்சள் மக்காச்சோளத்தில் கரோட்டின் உண்டு. மரச்சீனியிலும் நொய்யிலும் இல்லை.

பாதத்தில் வெடிப்பு, அலகு ஓரத்தில் பொருக்கு

ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கி விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம்தான் புண்ணுக்குக் காரணம். தேங்காய் நார்க்கழிவுக் கூளம் நீரை அதிகம் பிடித்து வைக்கும், மழைக்காலத்தில் அடிக்கடி கிளற வேண்டும். நிப்பிள் சொட்டுகிறதா என்றும் பாருங்கள்.

கூளம் உலர்ந்திருந்தும் புண் என்றால் பயோட்டின் அல்லது பாந்தோதெனிக் அமிலம். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. பயோட்டின் குறைந்தால் புண் பாதத்தில் தொடங்கிப் பிறகு வாய்க்கும் கண்ணுக்கும் ஏறும். பாந்தோதெனிக் குறைந்தால் வாய் ஓரத்திலும் இமையிலும் தொடங்கும், முற்றினால்தான் பாதத்துக்கு வரும். தீவனத்தில் மக்காச்சோளத்துக்குப் பதில் கோதுமை ஏறியிருக்கிறதா என்று ஆலையில் கேளுங்கள். கோதுமையில் உள்ள பயோட்டினைக் கோழியால் நன்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

கணுக்கால் புடைத்து, குதிகால் தசைநாண் பக்கவாட்டில் விலகியிருக்கிறது

மாங்கனீஸ், கோலின், பயோட்டின், ஃபோலிக் அமிலம், நியாசின் இவற்றில் ஏதோ ஒன்று. விலகிய தசைநாண் திரும்பாது, புதிதாக விலகாமல் தடுக்கலாம். சொந்தமாகத் தீவனம் கலப்பவர்களுக்கு ஒன்று: கோலின் குளோரைடை வைட்டமின் பொடியோடு ஒரே டப்பாவில் கலந்து வைக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி மற்ற வைட்டமின்களைக் கெடுக்கும். தாது உப்புக் கலவையும் தனியே இருக்கட்டும். தீவனம் கலக்கும் அன்று மட்டும் சேருங்கள். பிரித்த வைட்டமின் பொட்டலத்தை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் உள்ள பரண் அதை வைக்கும் இடமல்ல.

இறகடியிலும் தொடையிலும் இரத்தக் கட்டு, சிறு காயம்கூட நிற்காமல் கசிகிறது

வைட்டமின் கே. சல்ஃபா மருந்து ஓடுகிறதா என்று பாருங்கள், அது கேயின் தேவையை உயர்த்தும். எலி மருந்து சிதறி தீவனத்தில் விழுந்ததா என்றும் தேடுங்கள், அதுவும் இதே போலத்தான் இரத்தத்தை உறையவிடாது.

வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது

கோழி வைட்டமின் சியைத் தானே செய்துகொள்ளும். மார்ச் முதல் மே வரை அது போதாமல் போகலாம், அப்போது கொடுப்பது நல்லதுதான். ஆனால் குழாயில் வரும் தண்ணீர் சுடுகிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள்.

ஒரே வயதில் சிறிதும் பெரிதுமாக, இறகு ஒழுங்கற்று, எச்சத்தில் செரிக்காத தீவனம்

இது ஒரு வைட்டமினின் கதை அல்ல. குடல் கெட்டால் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே நான்கும் சேர்ந்தே நழுவும். இரத்தக் கழிச்சல் மெதுவாக ஓடுகிறதா என்று எச்சத்தை ஆய்வுக்குக் கொடுங்கள். இறந்த கோழியின் ஈரல் வெளிறி மஞ்சளாக இருந்தால் பூசண நஞ்சைச் சந்தேகியுங்கள். ஈரமான மக்காச்சோளத்திலும் தேங்காய்ப் பிண்ணாக்கிலும் அஃப்லாடாக்சின் என்ற பூசண நஞ்சு வரும். மேலே வெள்ளை பூத்ததை மட்டும் வழித்துவிட்டு மீதியைப் போடாதீர்கள், நஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீரில் கொடுக்கும் முறை

கோழி தின்னும் தீவனத்தின் எடையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீர் குடிக்கும், வெயிலில் அதற்கும் மேல். காலையில், நான்கைந்து மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். குளோரின் பல வைட்டமின்களை அழிக்கும். முதல் நாளே தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் பிடித்து வைத்து ஆறவிடுங்கள். கிணற்று நீரில் துரு வாடை இருந்தால் இரும்பு அதிகம், வைட்டமின் சியும் கேயும் அதில் நிற்காது. வைட்டமின் ஓடி முடிந்ததும் நிப்பிள் குழாயை வெறும் தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வழவழப்பாகப் படிந்து கிருமி வளரும்.

மூன்று நாளில் மாற்றம் இல்லையென்றால்

அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். மேலும் ஆராய வேண்டுமென்று மருத்துவர் சொன்னால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செத்து நாறிய கோழியைக் கொண்டுபோகாதீர்கள். அறிகுறி தெளிவாக உள்ள இரண்டு மூன்று கோழிகளை உயிரோடு, காற்றோட்டமுள்ள பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். இப்போது போடும் மூட்டையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு கிலோ தீவனம், மூட்டையில் தைத்திருக்கும் தேதிச் சீட்டு, ஒரு பாட்டில் குடிநீர், இதுவரை கொடுத்த எல்லா மருந்துகளின் உறைகள், தடுப்பூசி போட்ட தேதிகள், முதலில் எழுதிய நான்கு விடைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். மீன் கழிவோ சிப்ஸ் எண்ணெயோ கலந்திருந்தால் அதிலும் ஒரு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள்.